சுங்கை சிப்புட்டில் நான்கு சனிக்கிழமைகள்: ஜிம்மி கார்ட்டர் வகுப்பைப் பற்றிய மதிப்புரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கைப்பேசிக் கடையின் மாடியில் இயங்கும் சிறிய டியூஷன் நிலையம், சென்ற தவணையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சேர்த்து, நான்கு சனிக்கிழமை மாலைகளில் ஒரு வரலாற்று வகுப்பை நடத்தியது. அமெரிக்காவின் 39ஆவது அதிபர் ஜிம்மி கார்ட்டரின் இளமைக்கால விவசாய வாழ்க்கையும் அவருடைய அரசியல் வாழ்க்கையும்தான் பாடம். கட்டணம் ஆளுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). ஒரே குடும்பத்திலிருந்து வரும் மூன்றாவது ஆளுக்குக் கட்டணம் கிடையாது. படிவம் நான்கில் படிக்கும் என் மகளுக்காகத்தான் முதலில் பெயர் கொடுத்தேன். பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு வாரம் என் அம்மாவும் மாடிப்படி ஏறி வந்தார். எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வில் வராத ஒரு பாடத்துக்கு இவ்வளவு பணமா என்று கேட்ட நண்பர்களுக்கும், அடுத்த தவணையில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் இரண்டு வகுப்புகள் கொடுத்த காசுக்கு மேலான மதிப்புடையவை. மூன்றாவது சுமார் ரகம். நான்காவதில் அவசரம் தெரிந்தது, ஆனாலும் அதில் வந்த ஒரு பகுதிக்காக அதை மன்னித்துவிடலாம். நான்கையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் ஊரைப் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் இப்படி ஒரு வகுப்பு நடந்ததே பெரிய காரியம் என்பேன். உலகத் தலைவர்களின் இளமைக் கதைகளை நாம் கேட்டுப் பழகிய விதம் ஒன்று உண்டு. ஏழை விவசாயியின் மகன் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தான், நாட்டின் தலைவன் ஆனான் என்று அந்தக் கதை முடிந்துவிடும். இந்த ஆசிரியர் அந்த வழியில் போகவில்லை. கார்ட்டர் வளர்ந்த பண்ணையை அவர் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து காட்டினார். அந்தப் பண்ணையில் மணி அடித்தவர் யார், மணி கேட்டு எழுந்தவர்கள் யார், கடையின் கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்று முதல் நாளே கேட்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்விகள் போதுமாக இருந்தன.

முதல் வகுப்பில் இடத்தை அழகாக விளக்கினார். கார்ட்டர் 1924 அக்டோபர் 1ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதாகும்போது, 1928இல், குடும்பம் அங்கிருந்து சில மைல் தள்ளியிருந்த ஆர்ச்சரி என்னும் குக்கிராமத்துப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. வீட்டுக்கு முன்னால் செம்மண் சாலை, அதையொட்டித் தண்டவாளம்; சுற்றிலும் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கார்ட்டர் வீட்டுக்கே 1938ஆம் ஆண்டில்தான் மின்சாரம் வந்தது என்று சொன்னதும் மாணவர்கள் ஏழ்மை என்று எழுதத் தொடங்கினார்கள். ஆசிரியர் கையைத் தூக்கி நிறுத்தினார். மின்சாரம் இல்லாத வீடு என்பது உண்மை. ஆனால் அது நிலத்துக்குச் சொந்தக்காரரின் வீடு. தந்தை ஏர்ல் கார்ட்டருக்குச் சொந்தமாகப் பண்ணை இருந்தது, வீட்டுக்குப் பக்கத்திலேயே மளிகைக் கடை இருந்தது, அந்தக் கடையில் பற்று வைத்துப் பொருள் வாங்கும் குத்தகைக் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பகுதியின் குத்தகைக்காரர்கள் விளைச்சலில் ஒரு பங்குக்கு உழைத்தவர்கள். விதைக்கும் உரத்துக்கும் மாவுக்கும் பன்றி இறைச்சிக்கும் எழுதிய பற்று, அறுவடைக்குப் பின் அந்தப் பங்கில் கழியும். கழித்தது போக மிஞ்சினால் லாபம், மிஞ்சாவிட்டால் கடன் அடுத்த ஆண்டுக்குப் போகும். தோட்டத்துக் கடையில் சம்பள நாளன்று பற்று நோட்டைத் திறந்து பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்த வகுப்புக்கு ஆசிரியர் ஒரு பாலிபேக்கில் நிலக்கடலைச் செடி வளர்த்துக் கொண்டுவந்திருந்தார். எங்களைச் சுற்றி நிற்கச் சொல்லி, செடியின் மஞ்சள் பூ காய்ந்த இடத்திலிருந்து ஊசி போல ஒரு காம்பு கீழ்நோக்கி இறங்கி மண்ணுக்குள் போவதை முதலில் காட்டினார். பின்பு செடியை ஒரே இழுப்பாகப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணை மேசை விளிம்பில் தட்டி உதிர்த்தார். வெளுத்த தோலோடு பதினைந்து இருபது காய்கள் தொங்கின. சில பால்பிடித்த பிஞ்சுகள். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கச்சாங் ரெபுஸ், அதாவது அவித்த கடலை, வாங்கித் தின்றே வளர்ந்த என் மகள், கடலை மண்ணுக்குள் காய்ப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தாள். சிறுவன் கார்ட்டர் செய்த முதல் வியாபாரமும் அவித்த கடலைதான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதிலேயே செடிகளைப் பிடுங்கி, காய்களைக் கழுவி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அவித்து, பொட்டலம் கட்டி பிளெயின்ஸ் தெருவில் பொட்டலம் 5 காசுக்கு விற்றிருக்கிறார்.

இன்னொரு வேலையை அவர் சொன்ன விதம் என் அம்மாவையே அடுத்த வாரம் வரவைத்தது. வீட்டுக்கு வந்து நான் அதைத் திருப்பிச் சொன்னபோது அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டார். பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிப்பதற்காக, ஆர்செனிக் நஞ்சையும் கரும்புப் பாகையும் தண்ணீரில் கலந்து வாளியில் எடுத்துக்கொண்டு, கந்தல் கட்டிய குச்சியால் ஒவ்வொரு செடியின் குருத்திலும் தடவிக்கொண்டே போகவேண்டும். அது சிறுவர்களுக்கான வேலை. பாகு கால்சட்டையில் ஒட்டி, ஈ மொய்த்து, மாலையில் துணி விறைத்துப்போகும். கார்ட்டர் மிக வெறுத்த வேலை அதுதான். களைக்கொல்லி டின்னை முதுகில் கட்டிக்கொண்டு நெறை நெறையாக மருந்து அடித்தவர் என் அம்மா. கையுறை கொடுத்தார்களா என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அதே வகுப்பில் நடந்த ஒரு விவாதத்தையும் சொல்லவேண்டும். பருத்தி விலை பவுண்டுக்கு 5 காசு அளவுக்கு விழுந்துகிடந்த காலத்தில், சிறுவன் கார்ட்டர் தன் சேமிப்பில் சில பருத்திப் பொதிகளை வாங்கிக் களஞ்சியத்தில் போட்டுவைத்து, விலை 18 காசுக்கு ஏறியபின் விற்று, அந்தப் பணத்தில் ஐந்து சிறிய வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டார். இது கெட்டிக்காரத்தனமா, வாய்ப்பா என்று ஆசிரியர் கேட்டார். பின் வரிசையில் இருந்த ஒரு பையன், “சார், பருத்தி போட்டு வைக்க அவங்க அப்பாவோட ஸ்டோர் இருந்துச்சு, வெல ஏறுற வரைக்கும் காத்திருக்கச் சோறும் இருந்துச்சு” என்றான். ஆசிரியர் அதைத் திருத்தவில்லை; பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார். பெரிய மனிதர்களின் குறையை மறைக்காமலும், அவர்களைக் கீழே இழுத்துப் போடாமலும் பாடம் நடத்துவது எளிதில்லை. அந்த நிதானம் இவரிடம் இருந்தது.

இரண்டாவது வகுப்பே நான்கிலும் சிறந்தது. விடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பண்ணையின் பெரிய மணி அடிக்கும், எல்லோரும் எழுந்து கோவேறு கழுதைகளைப் பூட்டிக்கொண்டு, வெளிச்சம் வரும்போது வயலில் நிற்கவேண்டும் என்று ஆசிரியர் தொடங்கியதும், அம்மா இடைமறித்தார்.

“அந்த மணிய அடிச்சது யாரு சார்? தொரயா, தண்டலா?”

“தண்டல் மாதிரி ஒருத்தர்தான்மா. ஜேக் கிளார்க்குனு பேரு. கறுப்பினத்தவர். பண்ணை வேலைய மேல்பார்வை பார்த்தவரு.”

“எங்களுக்குத் தப்பு அடிப்பாங்க. அப்புறம் பெரட்டுக்கு மணி. மழ பேஞ்சா மணி அடிக்காது, அன்னிக்குச் சம்பளமும் கெடையாது.”

ஆசிரியர் நாற்காலியை அம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தைப் பற்றிப் பத்து நிமிடம் அவரைப் பேசவிட்டார். பாடத்தைவிட்டு விலகியதாக எனக்குத் தோன்றவில்லை. ஜேக் கிளார்க்கின் மனைவி ரேச்சல், பெற்றோர் வெளியூர் போன நாள்களில் சிறுவன் கார்ட்டரைத் தன் வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டவர், அவனுக்கு மீன்பிடிக்கவும் பருத்தி எடுக்கவும் கற்றுக்கொடுத்தவர் என்பதை அதன்பின் ஆசிரியர் சொன்னபோது, அந்த மனிதர்களுக்கு எங்கள் மனத்தில் ஒரு முகம் கிடைத்திருந்தது.

பிறகு 1938 ஜூன் 22ஆம் நாள் இரவின் கதை. கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிசும் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கும் மோதிய ஆட்டம் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லூயிஸ் அவரிடம் தோற்றிருந்தார். ஆர்ச்சரியில் வாழ்ந்த கறுப்பினத்தவர்கள் ஏர்ல் கார்ட்டரிடம் வந்து, வர்ணனையைக் கேட்க அனுமதி வேண்டினார்கள். அவர் பேட்டரி வானொலியை ஜன்னலில் வைத்தார். அவர்கள் வீட்டுக்குள் வரவில்லை, முற்றத்து மரத்தடியில் நின்று கேட்டார்கள். முதல் சுற்றிலேயே லூயிஸ் வென்றார். முற்றத்தில் ஒரு குரல்கூட எழவில்லை. வந்தவர்கள் முதலாளிக்குப் பணிவாக நன்றி சொல்லிவிட்டு, சாலையையும் தண்டவாளத்தையும் கடந்து தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் ஆரவாரம் வெடித்தது. அது இரவெல்லாம் அடங்கவில்லை. இதைச் சொல்லும்போது ஆசிரியர் மின்விசிறியை நிறுத்தியிருந்தார். கதவு சாத்தும் இடத்தில் அவர் நிறுத்த, அறையில் யாரும் அசையவில்லை. தன் மகிழ்ச்சியைக்கூட முதலாளியின் முற்றத்தில் காட்டக்கூடாது என்று அறிந்திருந்த மனிதர்களை எனக்கும் தெரியும்; தொரை பங்களாவின் வேலியோரம் நடக்கும்போது என் தாத்தா பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிடுவார்.

வேலிக்கதவுக் கதையையும் அதே நாளில் சொன்னார். கார்ட்டருக்குப் பதினான்கு வயது இருக்கும். கறுப்பின நண்பர்கள் இருவரோடு வயலிலிருந்து வரும்போது, அவர்கள் வேலிக்கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, அவரை முதலில் போகவிட்டார்கள். ஏதோ விளையாட்டுக் குறும்பு என்று நினைத்தாராம். பின்னால்தான், இனிமேல் நீ முதலாளி வீட்டு வெள்ளைக்காரன் என்று அவர்களுடைய பெற்றோர் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்பது அவருக்குப் புரிந்தது. அதைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். வீட்டுக்குள்ளும் இரண்டு போக்குகள் இருந்தன: தந்தை இனப் பாகுபாட்டை ஏற்றவர், தாயார் லில்லியன் தாதியாக இருந்து, கறுப்பினக் குடும்பங்களுக்கும் தயங்காமல் மருத்துவம் பார்த்தவர். லில்லியன் 68ஆம் வயதில் பீஸ் கோர் என்னும் அமெரிக்கத் தொண்டு அமைப்பின் தொண்டராக இந்தியாவுக்குப் போய், மும்பைக்கு அருகே விக்ரோலியில் பணியாற்றினார் என்பதைக் கேட்டு அம்மாவுக்கு வியப்பு தாங்கவில்லை.

மூன்றாவது வகுப்பில் திரைக்கருவி வேலை செய்யாமல் நாற்பது நிமிடம் வீணானது. மிச்சமிருந்த நேரத்திலும் கார்ட்டரின் கடற்படை ஆண்டுகளுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்தார்கள். 1946இல் கடற்படைக் கழகத்தில் பட்டம், அதே ஆண்டு ரோசலினுடன் திருமணம், நீர்மூழ்கிப் பணி, 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதானபோது ஆளுக்கு 90 விநாடி என்று முறைவைத்து உள்ளே இறங்கிக் கழற்றிய குழுவில் அவரும் இருந்தது ஆகியவை சுவையானவைதான். ஆனால் நாங்கள் பணம் கட்டியது பண்ணைக்கும் அரசியலுக்கும். குறிப்பேட்டிலும் ஒரு பிழை: தந்தை ஏர்ல் இறந்த ஆண்டு 1953; அச்சில் 1935 என்று வந்திருந்தது. அந்த மரணம்தான் கார்ட்டரைக் கடற்படையிலிருந்து பண்ணைக்குத் திருப்பியது என்பதால், ஆண்டு தவறினால் வாழ்க்கை வரிசையே தலைகீழாகிவிடுகிறது. சுட்டிக்காட்டியபின் அடுத்த வாரம் திருத்திய தாள் கொடுத்தார்கள்.

திரும்பிவந்த கதையின் சாரத்தை மட்டும் அவர் விட்டுவிடவில்லை. சாகக் கிடந்த தந்தையைப் பார்க்க வந்த கறுப்பரும் வெள்ளையருமான அத்தனை பேரும், அவர் யாருக்கும் தெரியாமல் செய்த உதவிகளைச் சொல்லிப் போனதைக் கேட்ட கார்ட்டருக்கு, தன் கடற்படைப் பதவியைவிட அந்த வாழ்க்கை பெரிதாகத் தோன்றியது. ரோசலினுக்குத் திரும்பிவர விருப்பமே இல்லை. வந்தவர்களுக்கு முதலில் கிடைத்த இருப்பிடம் அரசாங்கக் குடியிருப்பு. 1954இல் வறட்சி வேறு. விதைக்கடலையும் உரமும் விற்று கடலையைச் சேமித்து வைக்கும் கிட்டங்கியை மெல்ல மெல்ல வளர்த்தார்கள். பாகுபாட்டைக் காக்க வெள்ளையர்கள் அமைத்த மன்றத்தில் சேர மறுத்தபோது, 5 டாலர் சந்தாவை நாங்களே கட்டுகிறோம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அப்போதும் அவர் இணங்கவில்லை. வியாபாரத்தைப் புறக்கணித்துப் பார்த்தார்கள்.

1962ஆம் ஆண்டின் மாநில மேலவைத் தேர்தலை ஆசிரியர் மிக நன்றாக விளக்கினார். தன் 38ஆவது பிறந்தநாளன்று போட்டியிட முடிவு செய்த கார்ட்டர், வாக்கு எண்ணிக்கையில் தோற்றுப்போனார். ஆனால் குவிட்மன் வட்டாரத்தின் ஒரு வாக்குச்சாவடியில் வாக்களித்தவர்கள் 333 பேர். பெட்டியில் இருந்த சீட்டுகள் 420. இறந்தவர்களின் பெயரிலும் வாக்கு விழுந்திருந்தது. கார்ட்டர் வீடு வீடாகப் போய் வாக்குமூலம் வாங்கினார், செய்தியாளர் ஒருவர் விசாரித்து எழுதினார், நீதிமன்றம் அந்தப் பெட்டியைத் தள்ளுபடி செய்தது, அவர் வென்றார். படிவம் ஐந்து மாணவர்கள் இருவர் அந்த 420, 333 என்ற எண்களை வைத்துக்கொண்டு வகுப்பு முடிந்தபின்னும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது வகுப்பின் முதல் பாதியில் எனக்கு மனக்குறை ஏற்பட்டது. 1966இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றதைச் சொன்னவர், 1970இல் வென்றதை ஒரே வாக்கியத்தில் கடந்து, 1971 ஜனவரியில் அவர் ஆற்றிய பதவியேற்பு உரைக்குத் தாவிவிட்டார். இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று கார்ட்டர் வெளிப்படையாக அறிவித்த உரை அது. தென் மாநில ஆளுநர் ஒருவர் அப்படிப் பேசியது நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. அதே மனிதர் அந்தத் தேர்தலில் பாகுபாட்டை ஆதரித்த வெள்ளையர்களின் வாக்குகளைத் தேடித்தான் வென்றார் என்பதை நான் எழுந்து கேட்டேன். ஆசிரியர் ஒப்புக்கொண்டார். போட்டியாளர் கறுப்பின விளையாட்டு வீரர்களோடு நிற்கும் படத்தைக் கார்ட்டரின் ஆட்கள் துண்டறிக்கையாகப் பரப்பியதாக அன்று எழுந்த குற்றச்சாட்டையும் அவரே எடுத்துச் சொன்னார். நேரம் போதவில்லை என்பதற்காக விட்டிருக்கக்கூடாத பகுதி அது. வேலிக்கதவுக் கதையை அவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஆசிரியரிடம் இதையும் எதிர்பார்ப்பது நியாயம்தான். 1974இல் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தைக் கார்ட்டர் திறந்துவைத்ததும், 1970இன் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் முழுப் பொருளோடு விளங்கும்.

அதிபர் பதவியின் நான்கு ஆண்டுகள் வேகமாகப் போயின. நாடறியாத வேட்பாளராகத் தொடங்கி, 1976இல் அப்போதைய அதிபர் ஃபோர்டை வென்றது, எகிப்தையும் இஸ்ரேலையும் 1978 செப்டம்பரில் 13 நாள் அதிபரின் ஓய்வு மாளிகையான கேம்ப் டேவிட்டில் உட்காரவைத்து உடன்பாடு கண்டது, பனாமா கால்வாயைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம், விலைவாசி ஏற்றம், ஈரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணையில் இருந்தது, 1980இல் ரீகனிடம் தேர்வாளர் வாக்குகளில் 489க்கு 49 என்ற கணக்கில் தோற்றது. இவற்றை எந்தப் பாடநூலிலும் படித்துக்கொள்ளலாம். பாடநூலில் எளிதில் கிடைக்காதது கடலைக் கிட்டங்கியின் முடிவு. பதவியைப் பயன்படுத்திச் சம்பாதித்தார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகத் தன் வியாபாரத்தை அவர் பிறர் நிர்வகிக்கும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருந்தார். 1981இல் ஊர் திரும்பியபோது அது பத்து லட்சம் டாலருக்கு மேல் கடனில் கிடந்தது, விற்கவேண்டியதாயிற்று.

நான் மேலே குறிப்பிட்ட நல்ல பகுதி அதற்குப் பின் வந்தது. 1982இல் அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் ஒழிக்க எடுத்துக்கொண்ட நோயின் பெயரை ஆசிரியர் பலகையில் எழுதியதும், அம்மா சத்தமாக, “நரம்புச் சிலந்தி! எங்க ஆயாவுக்குக் காலுல வந்திருக்கு, ஊருல இருக்கும்போது” என்றார். குளத்துத் தண்ணீரோடு உடம்புக்குள் போகும் புழு, ஓர் ஆண்டு கழித்துக் காலில் கொப்புளமாக வெடித்து வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துபோகாமல் நாள்கணக்கில் இழுக்கவேண்டும். 1986இல் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் உலகம் முழுவதும் 15 பேருக்கு மேல் வரவில்லை. மருந்தோ தடுப்பூசியோ இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக்கொடுப்பது போன்ற எளிய வழிகளால் இதைச் சாதித்தார்கள். 2002இல் கிடைத்த அமைதிக்கான நோபல் பரிசைவிட இதைத்தான் அம்மா பெரிதாக மதித்தார்.

கார்ட்டர் 2024 டிசம்பர் 29ஆம் நாள், 100 வயதில், பிளெயின்ஸில் தன் வீட்டிலேயே இறந்தார். இறுதி ஊர்வலம் ஆர்ச்சரிப் பண்ணைக்கு முன் நின்றபோது, பழைய மணியை 39 முறை அடித்தார்கள். ஆசிரியர் அந்தக் காட்சியைத் திரையில் காட்டினார். ஜேக் கிளார்க் அடித்த மணி அதுதானா என்று அம்மா என் காதில் கேட்டார். ஆசிரியரிடம் கேட்டேன், பண்ணை மணி என்றுதான் சொல்லமுடியும் என்று பதில் சொன்னார்.

சேர விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்: படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது, முட்டிவலி உள்ள பெரியவர்களை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள், மாணவர்கள் இறங்கிவந்து கைகொடுக்கிறார்கள். அறையில் குளிர்சாதனம் இல்லை. குறிப்பேட்டின் எழுத்து சிறியது, கண்ணாடி அவசியம். பேச்சு மொழி தமிழ். வரைபடங்களில் மட்டும் ஆங்கிலம். அவித்த கடலை இலவசமாகத் தருகிறார்கள், ஆனால் உப்பு கூடுதல். அடுத்த தவணைக்கு ஆப்ரகாம் லிங்கனை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். மூன்று பேருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். திரைக்கருவியை முதல் நாளே சோதித்துப் பார்க்கும்படியும், தேர்தல் பகுதிக்குத் தனி வகுப்பு ஒதுக்கும்படியும் கேட்டிருக்கிறேன்.